மூன்று கிடாய்களும் லயத்து ஆடும்

1848 செப்டம்பரில் லண்டனிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட 'ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக்' என்ற கப்பலில் மூன்று செம்மறிக் கிடாய்கள் இருந்தன. ஒன்று சவுத்டவுன், ஒன்று லெஸ்டர், ஒன்று கொட்ஸ்வோல்ட். கூடவே ஒரு டர்ஹம் பசு, ஒரு காளை, ஒரு குதிரை, வேட்டை நாய்கள். நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையையே அப்படியே நட்டுவிடலாம் என்று நினைத்த சாமுவேல் பேக்கர் ஏற்றிய சரக்கு இது. ஏக்கர் ஒரு பவுண் கணக்கில் சுமார் 1000 ஏக்கர் வாங்கினார். இவ்வளவு மலிவாகக் காணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தைப் பார்க்கணும். உரிமை காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தம் என்று அது சொல்லிவிட்டது.

பண்ணை சரியாகப் போகவில்லை. குதிரைக்காரன் குடித்துவிட்டு வண்டியைப் பள்ளத்தில் விட்டான், பிறகு ஒரு யானையை மலைப்பாதையில் விரட்டியே சாகடித்தான். 26 எருதுகள் சில நாட்களிலேயே நோயில் செத்தன. முதல் வருஷத்தில் ஐந்து அவுஸ்திரேலியக் குதிரைகளும் போயின. இதையெல்லாம் பேக்கரே தன் புத்தகத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில் கிடாய்க்கு இனம் உண்டு, குதிரைக்குத் தகப்பன் பெயர்கூட உண்டு; காடு வெட்டிய கூலிகள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வந்து போகிறார்கள்.

இன்று லிந்துலைப் பக்கம் வந்தால் செம்மறி மந்தை கண்ணில் படாது. ஈரம் அதற்கு ஆகாது. குளம்பு அழுகும், குடலில் புழு வைக்கும். இலங்கையில் செம்மறி என்றால் வடக்கும் வறண்ட பக்கமும்தான். இங்கே தங்கியது வெள்ளாடு. துரைமார் கொண்டுவந்த கதையில் வராத ஆடு அது. லயத்துக்குப் பின்னால், பழைய தகரமும் உரப்பையும் வைத்துக் கட்டிய பட்டியில் நிற்கும்.

நுவரெலியாவில் 'வசந்த காலம்' என்றால் ஏப்ரல், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல். ஆட்டுக்கு அந்தக் கலண்டர் தெரியாது. இங்கிலாந்தில் பகல் குறையத் தொடங்கும்போது செம்மறி சினைக்கு வரும், ஐந்து மாதம் கழித்து வசந்தத்தில், புல் துளிர்க்கும் நேரம் பார்த்துக் குட்டி போடும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் பகல் கூடுவதும் குறைவதும் கொஞ்சம்தான். அதனால் எங்கள் ஆடுகள் எந்த மாதமும் ஈனும். ஜூன் மாதத்துக் காற்றும் மழையும் அடிக்கிற இரவில் ஈன்றால்தான் கஷ்டம். குட்டி நனைந்தபடி கிடந்தால் விடியும்போது விறைத்துப் போயிருக்கும். சாக்கால் துடைக்கணும், மூக்கில் இருக்கிற சளியை வழிக்கணும், தாய் நக்க விடணும், சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகணும். நஞ்சுக்கொடி விழும்வரை யாராவது முழித்திருக்கணும். அந்த யாராவது பெரும்பாலும் காலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய ஒரு பெண். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது தலையில் ஒரு கட்டுப் புல்லும் வரும். தோட்டத்துக் கணக்கில் கொழுந்துக்குக் கிலோ உண்டு, புல்லுக்கு இல்லை. இதற்கு மேல் சிறுத்தைப் பயம் வேறு.

ஏன் இவ்வளவு பாடு? பால், இறைச்சி, கோயில் நேர்த்தி எல்லாம் உண்டுதான். ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறோம். லயத்துக் காம்பரா தோட்டத்துடையது, தண்ணீர்ப் பீலி தோட்டத்துடையது, முற்றத்து மண்ணும் தோட்டத்துடையது. ஒரு குடும்பம் 'எங்களது' என்று சொல்லக்கூடிய, தானாகப் பெருகக்கூடிய ஒரே சொத்து நாலு காலில் நின்றது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணம், மருந்துச் செலவு என்று வந்தால் ஒரு கிடாக்குட்டி போகும். அதையும் வளர்க்கத் துரையிடம் கேட்கணும் என்ற காலம் இருந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பேக்கரின் கப்பல் புறப்பட்டுச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1948இல், குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குக் கணக்குப் போட்டது. பாஸ்போர்ட் வந்த வீட்டில் முதலில் விலை பேசப்பட்டது ஆடும் மாடும். போகிற நாள் தெரிந்தவனிடம் யார் நல்ல விலை கொடுப்பா? சினையாட்டைச் சினைக்கு விலையில்லாமல் விற்ற கதை எங்கள் பக்கம் பல வீடுகளில் உண்டு.

போனவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் திறந்தார்கள். அந்த மலையில் ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாய்களைச் சேர்த்து உருவானது நீலகிரிச் செம்மறி. பேக்கர் இங்கே இறக்கிய அதே சவுத்டவுன் இரத்தம் அங்கே பிடித்துக்கொண்டது. இன்று அந்த இனமும் குறைந்துவிட்டது, ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆட்டினத்தைக் காக்க ஒரு நிலையம் இருப்பது நல்லதுதான்.

இங்கே நின்றவர்களிடம் திரும்புவோம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் லிந்துலையின் மரக்கறித் தோட்டக்காரர்கள் சாக்கோடு லயத்துக்கு வந்தார்கள், ஆட்டுப் புழுக்கை கேட்டு. அதுவரை அந்தப் பட்டிகளைக் கண்டால் மூக்கைப் பொத்தினவர்களும் அதில் இருந்தார்கள்.

இப்போது தனி வீடு வருகிறது. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. லயத்தை விட ஆயிரம் மடங்கு மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு வரைபடத்தில் அறை, குசினி, கக்கூஸ் எல்லாம் இருக்கு, பட்டி இல்லை. புது வீட்டுக்குப் போன ஒரு அக்காவிடம் ஆடுகளைப் பற்றிக் கேட்டோம். "ரெண்ட வித்துட்டேன், ஒன்னு மட்டும் பழைய காம்பராவுலயே நிக்குது. சினையா இருக்கு. காலைல ஒருக்கா, வேல விட்டு வந்து ஒருக்கா, நடந்து போயி பாத்துட்டு வாறேன்" என்றார்.