வராதவர்களும் கணக்கில் உண்டு: 1953 சென்னைச் சட்டமன்ற வாக்கெடுப்பும் லோவெலின் அளவுகோலும்

சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளை எண்ணிக் கட்சிக் கட்டுப்பாட்டை அளக்கும் ஆய்வுகளில் இன்றும் முதலில் பேசப்படுவது அமெரிக்க அறிஞர் ஏ. லாரன்ஸ் லோவெல் 1901இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டிஷ் காமன்ஸ் அவை 1836 முதல் டிவிஷன் பட்டியல்களை, அதாவது வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல்களை, அதிகாரபூர்வமாக வெளியிட்டு வந்தது. அவற்றிலிருந்து சில ஆண்டுகளைத் தேர்ந்துகொண்ட லோவெல், ஒரு விதியை வகுத்தார். ஒரு கட்சியில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேராவது ஒரே பக்கம் நின்றால் அந்தக் கட்சி கட்சியாக வாக்களித்தது என்று பொருள். இரண்டு பெரிய கட்சிகளும் அவ்வாறு எதிரெதிராக நின்றால் அது கட்சி வாக்கெடுப்பு. இந்த அளவுகோலைக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் கட்சியின் பிடி இறுகியது என்று அவர் நிறுவினார். அந்தப் பொதுமுடிவோடு எனக்குச் சண்டையில்லை.

லோவெலை முன்பே திருத்தியவர் ஹியூ பெரிங்டன். எல்லா டிவிஷன்களையும் ஒன்றாகக் குவிக்கக் கூடாது, கொறடாக்கள் இறங்கி வேலை செய்தவற்றைத் தனியே பிரிக்க வேண்டும் என்பது 1968இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம். நியாயமான திருத்தம்தான். ஆனால் எந்த வாக்கெடுப்புகளை எண்ணுவது என்பதோடு அது நின்றுவிடுகிறது. என் மறுப்பு அந்த விதியின் வகுஎண்ணைப் பற்றியது. லோவெல் வகுப்பது வாக்களித்தவர்களின் தொகையால். கட்சியின் உறுப்பினர் தொகையால் அல்ல. 150 பேர் உள்ள கட்சியில் 50 பேர் அவைப்பக்கமே வராமல், வந்த 100 பேரில் 95 பேர் ஒரே பக்கம் நின்றால், லோவெலின் கணக்கில் அது கட்டுக்கோப்பான கட்சி. மூன்றில் ஒரு பங்கு ஆள் எங்கே போனார்கள் என்று அந்த அளவுகோல் கேட்பதே இல்லை.

லோவெலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். காமன்ஸ் அவையில் எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் பேசிவைத்துக்கொண்டு வராமலிருக்கும் வழக்கம் உண்டு. அங்கே வராமை பல சமயம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மேலும், ஆதரவு லாபி, எதிர்ப்பு லாபி என்று இரண்டு வழிகளே உள்ள அவையின் பட்டியலில் மூன்றாவது நிலைப்பாட்டைத் தேடி அவர் எங்கே போவார்? ஆனால் அந்த ஏற்பாடுகளைப் பற்றிய அனுமானங்களோடு அவர் அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுவருவது எனக்கு ஒப்பவில்லை. இங்கே எண்ணிக் கணிக்கும் முறையில் ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலை வகிப்போர் என்று மூன்றாக எண்ணுகிறார்கள்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று 1953 ஜூலை இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகள். எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின் கதை தெரிந்ததே. அது மசோதாவாக வரவில்லை. அரசின் நிர்வாக நடவடிக்கையாக வந்தது. எனவே சட்டங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது. அதைக் கொண்டுவந்த முதலமைச்சர் ராஜாஜி ஆளுநரால் நியமிக்கப்பட்ட மேலவை உறுப்பினர். அமைச்சர் என்ற முறையில் பேரவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. அந்த அமைச்சரவைக் காலத்தின் மிகக் கடுமையான வாக்கெடுப்பில் ராஜாஜியின் வாக்குப் பதிவு வெற்றிடம்.

திட்டத்தைக் கைவிடக் கோரிய எதிர்க்கட்சித் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளை தீர்மானத்துக்குக் கை கொடுக்கவில்லை, அது விழுந்தது. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு அனுப்பக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 139, எதிர்ப்பு 137. அது நிறைவேறியது. ஆகஸ்டில் அந்த நிபுணர் குழு பருலேகர் தலைமையில் அமைந்தது.

இரண்டு முறையும் கூட்டுத்தொகை 276. உடனே தோன்றுவது, ஒரே ஓர் உறுப்பினர் பக்கம் மாறினார், அவர் யார் என்று தேடலாம் என்பது. எண்கள் அதற்கு இடம் தருகின்றன. அதை மட்டுமே சொல்கின்றன என்று கொள்ள முடியாது. பத்துப் பேர் இங்கிருந்து அங்கும், ஒன்பது பேர் அங்கிருந்து இங்கும் போயிருந்தாலும் இதே விடைதான் வரும். முதல் வாக்கெடுப்பில் இருந்த சிலர் எழுந்துபோய், அத்தனை பேர் புதிதாக உள்ளே வந்திருந்தாலும் 276 மாறாது. தீர்மானங்களும் ஒரே பொருளுடையவை அல்ல. கைவிடு என்று சொல்லத் துணியாத அரசுத் தரப்பு உறுப்பினர் நிறுத்திவை என்பதற்குக் கை தூக்கியிருக்கலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 276 என்ற தொகையே. பேரவையின் மொத்த இடங்கள் 375. ஆந்திரம் பிரிய இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் தொகுதிகள் குறைந்திருக்கவில்லை. அப்படியானால் 99 இடங்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சபாநாயகர், நடுநிலை வகித்தோர், வராதோர், காலியிடங்கள் ஏதும் இருந்தால் அவை, எல்லாம் அதில் அடக்கம். ஓராண்டு முன்பு, 1952 ஜூலை 3 அன்று ராஜாஜி நம்பிக்கை கோரியபோது ஆதரவு 200, எதிர்ப்பு 151. அன்று பக்கம் சொன்னவர்கள் 351 பேர். ஓராண்டில் அரசுத் தரப்பு 62 குறைந்தது, எதிர்த்தரப்பும் 13 குறைந்தது. எதிர்க்கட்சி வளர்ந்து அரசைச் சமநிலைக்குக் கொண்டுவரவில்லை. இரண்டும் தேய்ந்தன, அரசு வேகமாகத் தேய்ந்தது. 1952 தேர்தலில் காங்கிரஸ் வென்றது 152 இடங்களே என்பதையும், மற்றவர்கள் கைகொடுத்துத்தான் 200 ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 62இல் கடன் வாங்கிய ஆதரவு எவ்வளவு, சொந்தக் கட்சிக்காரர் எவ்வளவு என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

ஆந்திரப் பகுதி உறுப்பினர்கள் பிரிவினையை எதிர்நோக்கியிருந்ததால் அக்கறையில்லாமல் விட்டுவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். ஓரளவு இருக்கலாம். ஆனால் அது முழு விளக்கமாகாது. கம்யூனிஸ்ட் கட்சியின் பெரும் பலம் ஆந்திரப் பகுதியில்தான் இருந்தது. ஆந்திரர்கள் பொதுவாக வராமல் போயிருந்தால் எதிர்த்தரப்புக்கும் அடி பலமாக விழுந்திருக்க வேண்டும். 13 என்பது அப்படியோர் அடியல்ல. எதிர்த்தரப்பில் பலர் வராமல், அந்த இடத்தை அரசுத் தரப்பிலிருந்து வந்தவர்கள் நிரப்பினார்கள் என்றும் வாதிடலாம். தொகையை மட்டும் வைத்து இதை முற்றிலும் மறுக்க முடியாது. எனினும் சொந்த அரசை நேராக எதிர்த்துக் கை தூக்குவதைவிட, அன்று பார்த்து வராமலிருப்பது எளிது என்பது எந்தக் கொறடாவுக்கும் தெரியும். ஆகவே வராமையே முதன்மையான எதிர்ப்பு வடிவம் என்ற பக்கம் நான் சாய்கிறேன்.

சபாநாயகர் விஷயத்தில் ஒரு குறிப்பு. அரசியலமைப்பின் 189ஆம் பிரிவு, சமநிலை ஏற்பட்டால் அவருக்கு முடிவு செய்யும் வாக்கு உண்டு என்பதோடு நிற்காமல், அதை அவர் அளிக்கவும் வேண்டும் என்கிறது. எனவே அன்று நடந்ததை அவர் ஒதுங்கிக்கொண்டார் என்று வருணிப்பது சரியாகுமா என்பது ஐயம். எதிராக வாக்களித்ததற்குச் சமமாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பேன். அதற்காக அதை அவருடைய சொந்தக் கருத்தாகக் கொள்ளவும் கூடாது. பெரும்பான்மை இல்லாத முடிவைச் சபாநாயகர் தம் வாக்கால் உண்டாக்கக் கூடாது என்ற மரபு பிரிட்டனில் காமன்ஸ் சபாநாயகர் டெனிசன் 1867இல் தெளிவாக்கியது. அந்த மரபின்படி பார்த்தால் அந்த வாக்கு நாற்காலியுடையது.

வராமையின் எடையை லோவெலைவிட நன்றாக உணர்ந்தவர்கள் 1985இல் அரசியலமைப்பில் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணையை எழுதியவர்கள். கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும் பதவி போகும், வாக்களிக்காமல் இருந்தாலும் போகும். முன் அனுமதி பெற்றிருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னித்தாலோ தப்பலாம். 1953இல் வெறும் ஓரக்கணக்காக இருந்த 99க்கு இந்த அட்டவணை பெயர் கொடுத்துவிட்டது.

அதன் பிறகும் அளவுகோல் திருந்தவில்லை என்பதற்குச் சான்று, 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு. திமுகவினர் வெளியேற்றப்பட்டு, காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்புச் செய்த அவையில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையைப் பேரவைத் தலைவர் தனபால் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் யார் எங்கே நின்றார் என்ற பதிவே நமக்குக் கிடைத்திராது. வாக்களித்த 133 பேரும் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றவர்கள். 133இல் 122 என்றால் 91.7 சதவீதம். முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வமே கட்சியைப் பிளந்துகொண்டு எதிரணியில் உட்கார்ந்திருந்த நாளில், அந்தக் கட்சி லோவெலின் பத்துக்கு ஒன்பது தேர்வில் தேறிவிடுகிறது. எதிர்த்துக் கட்சியாக வாக்களிக்க அவையில் வேறு யாரும் இல்லாததால், அவருடைய முழு விதிப்படி அது கட்சி வாக்கெடுப்பும் ஆகாது.

அதே ஆண்டு செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேர் பிப்ரவரியில் அரசுக்கு ஆதரவாக வாக்களித்த 122இல் இருந்தவர்கள். அவர்கள் பதவியிழந்தது முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததற்காக. எதிர்த்து வாக்களித்த 11 பேர் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை; அவர்களின் தலைவர் பன்னீர்செல்வம் அதற்கு முந்தைய மாதமே துணை முதலமைச்சராகியிருந்தார்.