மொய் எழுதிய இணையதளங்கள்

2005-ல் கோவையில் ஒரு சின்ன ஆபீஸில் எனக்கு வேலை. ஃபுளோரிடாவில் வீடு விற்றுத் தரும் ஒரு தரகரின் இணையதளத்துக்கு லிங்க் பிடித்துத் தரணும். "உங்கள் தளம் அருமை, லிங்க் கொடுத்துவிட்டோம், நீங்களும் எங்களுக்குக் கொடுங்கள்" என்று ஒரு நாளைக்கு அறுபது மெயில். அந்த அருமையான தளங்களில் பாதியை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

கல்யாண மொய் மாதிரிதான். நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைப்பேன்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறைதான் இதற்கு மூலம். ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்க், ஒரு பரிந்துரை. மதிப்புள்ள பக்கம் பரிந்துரைத்தால் கனம் கூடும். ஆனால் அந்தக் கனம் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா லிங்குக்கும் பங்கு பிரியும். முந்நூறு லிங்க் உள்ள பக்கத்தில் ஒரு இடம் கிடைத்தால் என்ன தேறும்? அந்தக் கணக்கை எங்கள் ஆபீஸில் யாரும் போடவில்லை.

2000 டிசம்பரில் கூகுள் ஒரு டூல்பார் விட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பு என்று பச்சைப் பட்டையில் காட்டியது. கெடுத்தது அதுதான் என்பது என் கட்சி. மதிப்பு கண்ணுக்குத் தெரிந்ததும் அதற்கு விலையும் வந்துவிட்டது.

ரியல் எஸ்டேட்காரர்கள் ஏன் இதில் அவ்வளவு விழுந்தார்கள்? அமெரிக்காவில் ஒரு ஊர்த் தரகர்கள் விற்பனை வீடுகளின் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் பத்துத் தரகர் தளத்திலும் அதே வீடு, அதே படம், அதே வர்ணனை. வித்தியாசம் காட்ட லிங்க்தான் மிச்சம். வெளியூர்த் தரகர் போட்டியாளரும் இல்லை. ஊர் மாறிப் போகிற வாடிக்கையாளரை அனுப்பி வைத்தால் கமிஷனில் பங்கு தருவது அங்கே பழைய வழக்கம். ஆக, ஃபுளோரிடாக்காரர் ஒஹையோக்காரருக்கு லிங்க் கொடுத்ததில் ஆரம்பத்தில் ஒரு நியாயம் இருந்தது. பிறகுதான் வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு, சூதாட்டம் எல்லாம் பந்திக்கு வந்து உட்கார்ந்தன.

2006 தொடக்கத்தில் 'பிக்டாடி' என்ற பெயரில் கூகுள் தன் அடித்தளத்தையே மாற்றியது. அந்த மே மாதம் கூகுளின் மேட் கட்ஸ் தன் பதிவில் சில தளங்களை ஆராய்ந்து எழுதினார். அதில் ஒரு ரியல் எஸ்டேட் தளம்: 10,000 பக்கங்கள் தேடலில் இருந்தது போய் 80 ஆகிவிட்டது என்று உரிமையாளரின் புகார். இவர் போய்ப் பார்த்தால், வீட்டுக் கடனுக்கும் உடற்பயிற்சிக் கருவிக்கும் லிங்க்!

பலரும் இதைத் தண்டனை என்றே நினைத்தார்கள். கட்ஸ் சொன்ன காரணம் வேறு: உள்ளே வரும், வெளியே போகும் லிங்குகள்மேல் நம்பிக்கை குறைந்ததால் கூகுளின் ரோபோ அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதைக் குறைத்துக்கொண்டது. தண்டனை என்றால் ஒருநாள் விலகும் என்று காத்திருக்கலாம். இதில் காத்திருந்து பயனில்லை.

எங்கள் தரகர் தளத்துக்கும் அந்தக் கோடையில் அதுதான் கதி. விசாரித்து வரும் மெயில் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆனது. ஃபோனில் அவர் கத்தவில்லை. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றுதான் கேட்டார். தப்பு செய்தது நான். சம்பளம் கொடுத்தது அவர்.

லிங்க் பக்கத்தை உட்கார்ந்து கழித்தேன். அவர் நிஜமாகவே ஆள் அனுப்பும் வக்கீல், வீட்டைச் சோதித்துச் சொல்பவர், மூன்று வெளியூர்த் தரகர்கள், இவ்வளவுதான் மிஞ்சியது. நாம் கொடுத்ததை ஒரு மதியத்தில் அழித்துவிடலாம். மற்றவர்கள் நமக்குக் கொடுத்தது அவர்கள் தளத்தில் கிடக்கிறதே? அந்த லிங்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் வசதி 2012 அக்டோபரில்தான் வந்தது. அந்த ஏப்ரலில் வந்த பென்குவின் மாற்றம் போலி லிங்க் தளங்களைக் கீழே தள்ளிய பிறகு.

2006-ல் எனக்கு இருந்த ஒரே வழி, அதே ஆட்களுக்கு மறுபடி மெயில். "தயவுசெய்து எங்கள் லிங்கை எடுத்துவிடுங்கள்." நானூறுக்கு மேல் அனுப்பினேன். பதினொரு பேர் எடுத்தார்கள். ஒருவர் மட்டும், பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டிருந்தார்.