மூலமும் உரையும்: எழுத்து வேறுபாட்டின் வரலாறு

அரியலூர், குன்னம், பெரம்பலூரை அடுத்த செங்கணம் ஆகிய ஊர்கள் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் இளமைக் கல்வியொடு தொடர்புடையன. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர்கள் யாப்பருங்கலக் காரிகை பயின்றார்கள். பிற்காலத்தே 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1889-இல் பத்துப்பாட்டையும் பதிப்பித்த அப்பெரியார்க்கு யாப்பறிவு எத்துணை இன்றியமையாததாயிற்று என்பதை ஏட்டுச்சுவடியின் இயல்பறிந்தோர் உணர்வர்.

ஏட்டில் புள்ளியில்லை, ரகரமும் காலும் ஒரே வடிவின, குறில் நெடிற் கொம்புகளுக்கும் வேறுபாடில்லை. மூலமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்தோடும். எங்கே செய்யுள் முடிந்து உரை தொடங்குகிறது என்பதைக் காட்டுவது கண்ணன்று, ஓசையே. அச்சு வந்தபின் மூலத்தைப் பெருவெழுத்தாலும் உரையைச் சிற்றெழுத்தாலும் அமைக்கும் வழக்கு நிலைபெற்றது. பதிப்பாசிரியரின் தீர்ப்பே எழுத்தின் பருமனாயிற்று எனலாம்.

இன்று கணிப்பொறியில் அப்பணியைச் செய்வது 'ரிச் டெக்ஸ்ட்' என்னும் எழுதுகளம். இதில் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்துத் தடிப்பாகவோ சாய்வாகவோ மாற்றுகிறோம். எழுத்துத்தொடர் ஒன்றாயினும், இன்ன இடமுதல் இன்ன இடம்வரை இன்ன வடிவம் என்னும் குறிப்பு உடன் நிற்கிறது. தெரிந்தெடுத்த பகுதியுள் வடிவங்கள் கலந்திருப்பின், 'எழுத்துரு யாது?' என்னும் வினாவிற்கு மைக்ரோசாப்டின் டாட்நெட் எழுதுகளம் விடையே தருவதில்லை. அதனை நோக்காது பகுதி முழுமைக்கும் ஒரே எழுத்துருவை இட்டால், உள்ளிருந்த சாய்வும் பருமனும் அழியும். வடிவ மொத்த துண்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக மாற்றுவதே நெறி. பாடவேறுபாடுகளைச் சாய்வெழுத்தாற் குறிக்கும் பதிப்பாளர்க்கு இது சிறு செய்தியன்று.

தமிழுக்கு வேறோர் இடரும் நேர்ந்தது. 1990-களில் வழங்கிய எழுத்துருக்கள் பலவற்றுள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமர்ந்திருந்தன. ஆண்டு தமிழென்பது வெறும் வடிவமே. உள்ளிருந்தவை ஆங்கிலக் குறிகள். யாமே ஒருகால் ஆய்வேட்டின் ஓர் இயலைத் தெரிந்தெடுத்து எழுத்துருவை மாற்ற, பக்கங்கள் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாயின. பழைய எழுத்துருவை மீட்டும் இட்டபொழுது தமிழ் திரும்பிற்று. ஆங்கில மேற்கோள்களோ தமிழ்க்குழப்பமாயின. அவற்றை மூலநூல்களோடு ஒப்பிட்டுத் தனித்தனியே பிரிக்க நேர்ந்தது. செய்யுளுக்கு ஓசை உதவியதுபோல உதவுவதொன்றும் ஆண்டில்லை.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தாம், தாப் என்னும் குறியீடுகளும், 2010-இல் யூனிகோடும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. யூனிகோடில் ககரத்திற்கும் அதன் புள்ளிக்கும் தனித்தனி எண்கள் உள. எழுத்துருவை மாற்றினும் அவை மாறா. ஆயினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகள் இன்னும் மாற்றப்படாது கிடக்கின்றன. அவற்றுக்குரிய எழுத்துருவின் பெயரையேனும் முகப்பில் குறித்து வைத்தல் வேண்டும்.