கிளாடியோ ரெய்னா

கிளாடியோ ரெய்னா (பிறப்பு: 20 ஜூலை 1973) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர். 1994 முதல் 2007 தொடக்கம் வரை ஜெர்மனி, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் ஐந்து கழகங்களுக்கு ஆடினார். அமெரிக்க அணிக்காக 112 ஆட்டங்களில் களமிறங்கி 8 கோல்கள் அடித்தார். நான்கு உலகக்கோப்பை அணிகளில் இடம்பெற்றார். ஐரோப்பாவின் முன்னணி லீக் கழகம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் அமெரிக்கர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்.

கோல் கணக்கைப் பார்த்து இவரை எடைபோட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 1990களில் ஐரோப்பியக் கழகங்கள் அமெரிக்கர்களைக் கோல்காப்பாளர்களாக விரும்பி எடுத்தன; மற்றவர்களை ஓட்டத்துக்காகவும் உடல் வலுவுக்காகவும் எடுத்தன. ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய நடுக்களப் பொறுப்பை ஓர் அமெரிக்கரிடம் கொடுக்க அவை தயங்கின. பந்தைத் தன் காலடியில் வாங்கி, ஒரு கணம் நிறுத்தி, எதிரணி நகர்ந்த பிறகு சரியான இடத்துக்கு அனுப்புவதுதான் ரெய்னாவின் வேலை. அந்த வேலையை நம்பி ஒப்படைக்கத்தக்க அமெரிக்கர் என்று ஐரோப்பா முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர்.

இளமை

நியூ ஜெர்சி மாநிலத்தின் லிவிங்ஸ்டனில் பிறந்து ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தார். தந்தை மிகேல் அர்ஜென்டினாவிலிருந்து குடியேறியவர், அங்கே தொழில்முறையில் கால்பந்து ஆடியவர். அமெரிக்கா முழுவதும் பேஸ்பாலும் கூடைப்பந்துமாக இருந்த காலத்திலும் நியூ ஜெர்சியின் சில ஊர்களில் குடியேறியவர்களால் கால்பந்து வேரூன்றியிருந்தது. ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ், டோனி மியோலா மூவரும் வளர்ந்த கியர்னி நகரமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. ரெய்னா நியூவார்க்கின் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் படித்தார். ராமோஸ் அங்கே அவருக்கு முன்னோடி. கிரெக் பெர்ஹால்ட்டர் என்ற தடுப்பாட்டக்காரர் பள்ளித் தோழர். இந்தப் பெயர் பின்னால் இரண்டு இடங்களில் வரும்.

1991இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் புரூஸ் அரீனா. 1991, 1992, 1993 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த அணி தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. மூன்றாம் ஆண்டு, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான உயரிய விருதான ஹெர்மன் கோப்பை ரெய்னாவுக்குக் கிடைத்தது. இதற்கிடையே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் ஆடிவிட்டார்.

அன்றைய அமெரிக்காவில் இதற்கு மேல் போக வழியில்லை. பெலேயும் பெக்கன்பாவரும் ஆடிய வட அமெரிக்க லீக் 1984 பருவத்தோடு முடிந்துபோயிருந்தது. அடுத்த தேசிய லீக்கான எம்.எல்.எஸ். 1996இல்தான் தொடங்கியது. கல்லூரியை விட்டு வந்த திறமைசாலி ஒன்று தேசிய அணியின் முகாமில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலேற வேண்டும். 1994 ஜனவரியில் தேசிய அணிக்கு அறிமுகமான ரெய்னா, அவ்வாண்டு சொந்த நாட்டில் நடந்த உலகக்கோப்பைக்குத் தேர்வானார். ஆனால் தொடைத் தசைக் காயத்தால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் காயம் குறுக்கிட்ட முதல் பெரிய தருணம் இது. கடைசி அல்ல.

ஜெர்மனி

உலகக்கோப்பை முடிந்த கையோடு பாயர் லெவர்குசன் அவரை எடுத்தது. மருந்து நிறுவனம் ஒன்றின் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் அப்போது பன்டஸ்லிகாவின் வசதியான அணிகளில் ஒன்று. 21 வயது அமெரிக்கருக்கு அங்கே இடம் எளிதில் கிடைக்கவில்லை. மூன்று பருவங்களில் பெரும்பாலான நேரம் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில்தான் கழிந்தது.

1997இல் வோல்ஃப்ஸ்பர்க்குக்குக் கடனாக அனுப்பப்பட்டது அவருக்கு நல்லதாகவே அமைந்தது. ஃபோக்ஸ்வாகன் கார் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த அந்த ஊரின் அணி, அவ்வாண்டுதான் முதல்முறையாகப் பன்டஸ்லிகாவுக்கு உயர்ந்திருந்தது. பெரிய பெயர்கள் இல்லாத, எப்படியாவது தாக்குப்பிடித்தாக வேண்டிய அணி. பந்தைப் பதற்றமில்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார். இரண்டு பருவங்களுக்குள் 48 லீக் ஆட்டங்கள், 6 கோல்கள். அதைவிட முக்கியமானது, 1998இல் அணித்தலைவர் பட்டை அவர் கைக்கு வந்தது. ஜெர்மானிய உடைமாற்று அறையில் 25 வயது அந்நியர் ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் நடப்பது அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல. லெவர்குசனில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் ஜெர்மன் கற்றுக்கொண்டது இங்கே கைகொடுத்தது.

அதே ஆண்டு பிரான்ஸ் உலகக்கோப்பையில் அமெரிக்கா மூன்று ஆட்டங்களிலும் தோற்று, பங்கேற்ற 32 அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்தது. ஜெர்மனிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் யென்ஸ் யெரெமீஸ் ரெய்னாவை விட்டு விலகாமல் முரட்டுத்தனமாக மறித்தார். அமெரிக்கர்களின் ஆட்டம் அந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று ஜெர்மானியர்கள் கணித்திருந்தார்கள். தோல்விதான் என்றாலும், அதில் ஒரு பாராட்டும் ஒளிந்திருக்கிறது.

ரேஞ்சர்ஸ்

1999 வசந்தத்தில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அவரை வாங்கியது. பயிற்சியாளர் டிக் அட்வகாட், ஜியோவானி வான் ப்ரோங்க்ஹார்ஸ்ட் போன்ற சக நெதர்லாந்துக்காரர்களைக் கொண்டு அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். 1999 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பார்மாவை ஐப்ராக்ஸ் மைதானத்தில் 2-0 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டாவது கோல் ரெய்னாவுடையது. பார்மா அப்போது யூஃபா கோப்பையை வைத்திருந்த அணி. புஃபோன், துராம், கன்னவாரோ என்று உலகமே அறிந்த காவல் அதற்கு இருந்தது. அடுத்த ஆட்டத்தில் 1-0 என்று தோற்றாலும் ரேஞ்சர்ஸ் முன்னேறியது. அந்தப் பருவத்தில் ஸ்காட்டிஷ் லீக்கை செல்டிக்கைவிட 21 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று வென்றது, ஸ்காட்டிஷ் கோப்பையையும் சேர்த்துக்கொண்டது. ரெய்னாவை அட்வகாட் சில வேளைகளில் வலப்பக்கத் தடுப்பிலும் நிறுத்தினார். எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் என்ற பெயர் பாராட்டாகத் தொடங்கி, ஆட்டக்காரருக்குத் தொல்லையாக முடிவதும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அந்த அனுபவம் கொரியாவில் பயன்பட்டது.

2002 உலகக்கோப்பை

பழைய கல்லூரிப் பயிற்சியாளர் அரீனா 1998 இறுதியில் தேசிய அணிப் பொறுப்பை ஏற்றார். ரெய்னாவை அணித்தலைவராக்கி, அணியை அவரைச் சுற்றி அமைத்தார். 2002 ஜூன் 5 அன்று சுவோனில் போர்ச்சுகலை 3-2 என்று வீழ்த்தி அமெரிக்கா எல்லோரையும் அதிரவைத்தபோது, வேடிக்கை என்னவென்றால், தலைவர் களத்தில் இல்லை. தொடைக் காயத்தால் வெளியே இருந்தார். தென் கொரியாவுடன் 1-1 என்று சமநிலை, போலந்திடம் 3-1 தோல்வி. போர்ச்சுகலை கொரியா வென்றதால் அமெரிக்கா அடுத்த சுற்றுக்கு நுழைந்தது.

அங்கே எதிரி மெக்சிகோ. ஜூன் 17, ஜெயோன்ஜு. அரீனா மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, நடுக்களத்தின் மூளையாக இருந்தவரை வலது ஓரத்துக்குத் தள்ளினார். எட்டாவது நிமிடத்தில் அந்த ஓரத்தில் மேலேறிச் சென்ற ரெய்னா பந்தை உள்ளே திருப்பினார். ஜோஷ் வுல்ஃப் அதை விட்டுக்கொடுக்க, பிரயன் மெக்பிரைடு கோலாக்கினார். பிற்பகுதியில் லேண்டன் டோனவன் தலையால் முட்டி இரண்டாவது கோலைப் போட்டார். 2-0.

ஜூன் 21இல் உல்சானில் நடந்த காலிறுதியில் ஜெர்மனி 1-0 என்று வென்றது. கோல் மிகாயேல் பாலாக்குடையது. ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதியில் பந்து அமெரிக்கர்களிடம் இருந்தது. ரெய்னாவும் ஜான் ஓ’பிரயனும் நடுக்களத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள், ஆலிவர் கான் பலமுறை தன் அணியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் பாதியில் பெர்ஹால்ட்டர் அடித்த பந்து கோல் கோட்டருகே டோர்ஸ்டன் ஃப்ரிங்ஸின் கையில் பட்டது. நடுவர் ஹ்யூ டல்லஸ் எதுவும் கொடுக்கவில்லை. அவர் ஸ்காட்லாந்துக்காரர், ரெய்னா ஆடிய லீக்கின் நடுவர்களில் ஒருவர். ஜெர்மனி இறுதிப் போட்டி வரை போனது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர்களின் ஃபிஃபா பட்டியலில் பாலாக், ரிவால்டோ, ரொனால்டினோ ஆகியோரோடு ரெய்னாவும் நடுக்களத்தில் இடம்பெற்றார். அமெரிக்க ஆண்கள் கால்பந்துக்குப் பெரிய மரியாதை அது. என் கணிப்பில், 112 ஆட்டங்களில் அவரை ஒன்றில் மட்டும் பார்க்க வேண்டுமென்றால், தோற்றுப்போன இந்தக் காலிறுதியைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து

2001 டிசம்பரில் ரெய்னா சண்டர்லாந்துக்கு மாறியிருந்தார். 2002 ஏப்ரல் 1 அன்று லெஸ்டருக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து 2-1 வெற்றி தேடித்தந்தார். 17ஆம் இடத்தில் முடித்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பிய அணிக்கு அந்த வெற்றி பெரிய சொத்து. ஆனால் உலகக்கோப்பைப் புகழோடு திரும்பியவருக்கு அக்டோபரில் முழங்கால் தசைநார் அறுந்தது. பருவம் அத்தோடு முடிந்தது. அவர் இல்லாத சண்டர்லாந்து வெறும் 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கியது. அந்த நவம்பரில் சண்டர்லாந்து நகரில் பிறந்த மகனுக்கு, ரேஞ்சர்ஸ் தோழர் வான் ப்ரோங்க்ஹார்ஸ்டின் நினைவாக ஜியோவானி என்று பெயரிட்டார்கள். மனைவி டேனியல் ஈகனும் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணிக்கு ஆடியவர்தான்.

2003 ஆகஸ்டில் கெவின் கீகன் அவரை மான்செஸ்டர் சிட்டிக்கு அழைத்துக்கொண்டார். இன்றைய பணக்கார சிட்டியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அபுதாபி முதலீடு வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அது அட்டவணையின் நடுப்பகுதியில் தடுமாறிய அணி. அங்கே 77 லீக் ஆட்டங்களில் 4 கோல்கள். உடல் ஒத்துழைத்த வாரங்களில் அணியின் நிதானம் அவரிடமிருந்தே வந்தது. ஒத்துழைக்காத வாரங்கள் பல.

2006 உலகக்கோப்பை அவருக்குக் கசப்பானது. செக் குடியரசுக்கு எதிராக அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஆட்டம் 3-0 தோல்வி. பின்னர் கோப்பையை வென்ற இத்தாலியோடு, ஒன்பது பேராகக் குறைந்த நிலையிலும் 1-1 சமநிலை. நியூரம்பெர்கில் கானாவுக்கு எதிரான ஆட்டத்தின் 22ஆம் நிமிடத்தில், தன் பெட்டிக்கு வெளியே பந்தோடு நின்ற ரெய்னாவிடமிருந்து ஹமினு டிராமன் அதைப் பறித்துக் கோலடித்தார். அந்த மோதலில் ரெய்னாவின் முழங்காலும் அடிபட்டது, விரைவில் வெளியேறினார். அமெரிக்கா 2-1 என்று தோற்றது. அவருடைய கடைசிப் பன்னாட்டு ஆட்டம் அதுவே. பந்தைக் கூடுதலாக ஒரு கணம் வைத்திருக்கும் பழக்கம்தான் அவரை உருவாக்கியது, அன்றைக்குக் கைவிட்டதும் அதுதான்.

2007 ஜனவரியில் குடும்பக் காரணங்களுக்காகச் சிட்டியை விட்டு விலகி, அரீனா பயிற்சியாளராக இருந்த நியூயார்க் ரெட் புல்ஸில் சேர்ந்தார். காயங்கள் அங்கும் விடவில்லை. 2008 ஜூலையில் ஓய்வு பெற்றார். 2012இல் அமெரிக்காவின் தேசியக் கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு அவருடைய மூத்த மகன் 13 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

நிர்வாகி

2010இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் தொழில்நுட்ப இயக்குநராகி, நாடு முழுவதற்குமான பயிற்சிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். 2013இல் மான்செஸ்டர் சிட்டியும் நியூயார்க் யாங்கீஸும் சேர்ந்து தொடங்கிய நியூயார்க் சிட்டி கழகத்தின் முதல் விளையாட்டு இயக்குநர் ஆனார். டேவிட் வில்லா, லம்பார்ட், பிர்லோ ஆகியோர் அவர் காலத்தில் அங்கே வந்தவர்கள். 2019இல் டெக்சாஸின் ஆஸ்டின் கழகத்துக்கு அதே பொறுப்பில் மாறினார்.

2022 கத்தார் உலகக்கோப்பையில் அமெரிக்க அணியின் பயிற்சியாளர் பள்ளித் தோழர் பெர்ஹால்ட்டர். அணியில் ஜியோவானி ரெய்னா இருந்தும் அதிகம் ஆடவைக்கப்படவில்லை. போட்டிக்குப் பிறகு, பெயர் சொல்லாமல் ஓர் ஆட்டக்காரரின் ஒழுங்கைப் பற்றிப் பெர்ஹால்ட்டர் பேசியது வெளியே வந்தது. அது தங்கள் மகனைப் பற்றியது என்று கொதித்த ரெய்னா தம்பதியர், பெர்ஹால்ட்டரின் மாணவப் பருவத்துச் சச்சரவு ஒன்றைக் கூட்டமைப்பின் காதுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டமைப்பு அமர்த்திய சட்ட நிறுவனத்தின் 2023 மார்ச் அறிக்கை, பெர்ஹால்ட்டரை மீண்டும் நியமிக்கத் தடையில்லை என்றது. மகனுக்காகக் கிளாடியோ அதிகாரிகளிடம் பல ஆண்டுகளாக முறையிட்டுவந்ததையும் பதிவு செய்தது. களத்தில் நிதானத்துக்குப் பெயர் பெற்றவருக்கு இந்தப் பதிவு அழகு சேர்க்கவில்லை. ஜனவரியிலேயே அவர் ஆஸ்டின் இயக்குநர் பதவியிலிருந்து விலகியிருந்தார். பெர்ஹால்ட்டர் 2023 ஜூனில் மீண்டும் பயிற்சியாளரானார். 2024 கோபா அமெரிக்கா தோல்விக்குப் பின் நீக்கப்பட்டார்.

ஜியோவானி 2020 ஜனவரியில், 17 வயதில், டோர்ட்மண்ட் அணிக்காகப் பன்டஸ்லிகாவில் அறிமுகமானார். அவருக்கு முன் அவ்வளவு இளம் வயதில் எந்த அமெரிக்கரும் அந்த லீக்கில் ஆடியதில்லை. 2025இல் மொன்ஷன்கிளாட்பாக்குக்கு மாறினார். அவரும் நடுக்களத்தில் ஆடுபவர். காயங்களால் அடிக்கடி வெளியே உட்காருபவர்.