சாணமும் எண்ணெய்க் குதமும்: அடுப்பெரிவாயு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எரிபொருளின் வரலாறு பெரும்பாலும் சுரங்கங்களினதும் துறைமுகங்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அடுப்பங்கரைக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. திருகோணமலையிலோ துறைமுகமும் அடுப்பங்கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. லிங்கநகர் முதலிய குடியிருப்புக்கள் ஒருபுறம். சீனக்குடாவில், இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியக் கடற்படைக்கென எழுப்பப்பட்ட எண்ணெய்க் குதங்கள் மறுபுறம். ஒவ்வொரு குதமும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் எண்ணெய் கொள்ளவல்லது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானத் தாக்குதலின்போது ஒன்று எரிந்தழிந்தது, 99 எஞ்சியுள்ளன. 1957இல் பிரித்தானியக் கடற்படை நீங்கிய பின்னர் அவற்றுட் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. 2022 சனவரியில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 61 குதங்கள் ஒரு கூட்டுக் கம்பனிக்கெனக் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலிலேதான் 12.5 கிலோகிராம் சமையல் வாயுச் சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலை கொடுக்க ஆயத்தமாயிருந்தோரும் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தனர்.

இப்பின்னணியில், தோண்டி எடுக்கப்படாது ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும் ஓர் எரிவாயுவின் வரலாற்றை நோக்குவது பயனுடையது. குளிர்நாடுகளில் இவ்விவாதம் வீடுகளைச் சூடாக்குவது பற்றியதாகும். டென்மார்க்கிற் பண்ணைக் கழிவிலிருந்து பெற்றுத் தூய்மையாக்கப்பட்ட வாயு, அந்நாட்டு வாயுக் குழாய்களிற் செல்வதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினை எட்டியுள்ளது. நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவையில்லை. நம் வீட்டின் வெப்பமெல்லாம் அடுப்பின் வெப்பமே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. ஆகவே நம்மைப் பொறுத்தவரை இவ்வினா, புகையினுள் அமர்ந்து ஊதுகுழலை ஊதும் பெண்ணைப் பற்றியதாகும்.

சாணவாயுவின் இரசாயனம் எளிது. காற்றுப் புகாத குழியிற் சாணத்தையும் நீரையும் கரைத்து விட்டால் பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்து வாயுவாக்குகின்றன. அவ்வாயுவில் 55 முதல் 65 சதவீதம் வரை மெதேன். எஞ்சியதிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. வாயு நீங்கிய பின் வெளிவரும் கரைசல் பசளையாகும். தழைச்சத்து அதிலேயே தங்கிவிடுகின்றது. இப்பற்றீரியாக்கள் 35 பாகை அளவான வெப்பத்திற் செழித்து, 15 பாகைக்குக் கீழே சோர்ந்து விடும். குளிர்நாட்டார் தாம் பெறும் வாயுவின் ஒரு பகுதியைக் குழியைச் சூடாக்கவே செலவிட வேண்டியிருக்கின்றது. திருகோணமலையில் அவ்வேலையைச் சூரியன் கூலியின்றிச் செய்கின்றது. இயற்கை இத்துணை சாதகமாயிருந்தும் இத்தொழில்நுட்பம் இங்கு வேரூன்றாமைக்குக் காரணம் யாது? அதற்கான விடையைப் பற்றீரியாவிடம் தேடுவதிற் பயனில்லை. சாணம் யாருடையது, குழி தோண்டப்படும் நிலம் யாருடையது என்னும் வினாக்களிடமே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இந்திய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897இலேயே மனிதக் கழிவிலிருந்து எரிவாயு பெறப்பட்டது. சமூகம் ஒதுக்கிவைத்தோரின் இல்லத்திலே, சமூகம் தீண்ட மறுத்த பொருளிலிருந்து இம்முயற்சி தொடங்கியமை சிந்திக்கற்பாலது. 1939இல் டில்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிறுவகத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு பரிசோதனைகளை மேற்கொண்டார். 1951இல் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த 'கிராமலட்சுமி' என்னும் அமைப்பில், குழியின் மீது ஓர் உருக்குக் கலம் கவிழ்ந்து மிதக்கும். வாயு சேரச் சேர அது மேலெழும். 1960களின் தொடக்கத்திற் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு இதனை ஏற்றுப் பரப்பலாயிற்று. உருக்குக் கலம் துருப்பிடிக்கும், விலையும் அதிகம். எனவே சீனரின் நிலத்தடிக் கவிகைக் குழியைப் பின்பற்றி 1978இல் 'ஜனதா' அமைப்பும், செலவை மேலும் குறைத்து 1984இல் 'தீனபந்து' அமைப்பும் வந்தன. பெயர்களை மட்டும் வாசிப்பவர் இவை மக்களுக்காகவும் எளியோருக்காகவும் ஆக்கப்பட்டவை என்றே கொள்வர்.

கணக்கோ வேறு கதை கூறும். ஒரு கனமீற்றர் வாயுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோகிராம் சாணம் வேண்டும். ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு இரண்டு கனமீற்றர் எனக் கொண்டால், தொழுவத்திற் கட்டிவைத்த நான்கைந்து மாடுகளேனும் அவசியமாகும். நான்கு மாடும், அவற்றைக் கட்ட இடமும், குழிக்கு நிலமும், கரைக்க நீரும் உடையவன் கிராமத்து ஏழையல்லன். அதுவரை தெருவிலும் மேய்ச்சற்றரையிலும் கிடந்த சாணத்தைப் பொறுக்கி வரட்டி தட்டி எரித்தவர்கள் நிலமற்ற பெண்கள். மாட்டுக்காரன் குழி கட்டியதும் சாணம் விலையுள்ள பொருளாகிவிடுகின்றது. பொறுக்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. செல்வன் வீட்டில் நீலச்சுடர் எரிய, வறியவள் அடுப்பு அவியும் இந்நிலை 1970களில் இந்திய ஆய்வாளர் பலராற் சுட்டிக்காட்டப்பட்டது. 1974இல் 'எக்கனொமிக் அன்ட் பொலிற்றிக்கல் வீக்லி' இதழில் அமுல்ய ரெட்டியும் அவர்தம் சகாக்களும் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தின் தொடக்கங்களுள் ஒன்று.

ரெட்டி விமர்சனத்தோடு நின்றுவிடாதவர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்து 'அஸ்ட்ரா' குழுவினர் கர்நாடகத்துப் புரா என்னும் சிற்றூரிற் பொதுக்குழி ஒன்றை அமைத்தனர். ஊரிலுள்ள எல்லா வீடுகளின் சமையலுக்கும் போதிய சாணம் அங்கே இல்லை என்பது வெளிப்பட்டதும் அவர்கள் நோக்கத்தையே மாற்றிக்கொண்டனர். 1987 முதல் அவ்வாயு ஓர் இயந்திரத்தை ஓட்டியது. அதனாற் குடிநீர் இறைக்கப்பட்டது, வீடுகளுக்கு விளக்கும் கிடைத்தது. சாணம் கொணர்ந்தவர்க்கு, அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களுமாவர், கொணர்ந்த கூலியும் கரைசற் பசளையும் வழங்கப்பட்டன. ஏனைய திட்டங்களை விட இது நீடித்தமைக்குக் காரணம், சாணத்தின் உடைமை பற்றிய வினாவை அது முதலிலேயே தீர்த்துக்கொண்டமையே எனலாம்.

இலங்கைக்கு இத்தொழில்நுட்பம் 1970களில் வந்து சேர்ந்தது. அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பத்தியபொலவில், ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்தின் உதவியுடன், வெயிலையும் காற்றையும் சாணத்தையும் இணைத்து மின்சாரம் ஆக்கும் கிராமிய நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணரின் வரைபடத்திற் பிறந்த அந்நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. அதனினும் குறிப்பிடத்தக்கது, தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய உலர்முறையாகும். ஒரு குழியை வைக்கோலால் நிறைத்துச் சிறிதளவு சாணத்தைச் சேர்த்து மூடிவிட்டால் ஏறத்தாழ ஆறு மாதம் வாயு கிடைக்கும். பின்னர் குழியைத் திறந்து மக்கிய பசளையை வயலுக்கு அள்ளலாம். நெல் விளையும் நாட்டில் நெல்லின் எச்சத்தையே எரிபொருளாக்கும் இச்சிந்தனை, தீவில் எழுந்த தொழில்நுட்பக் கருத்துக்களுட் சிறந்ததொன்று என்பது எம் துணிபு. அது பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. 1996இல் நடத்தப்பட்ட ஆய்வொன்று, நாட்டிற் கட்டப்பட்ட சுமார் 5,000 குழிகளுள் மூன்றிலொரு பங்கே ஒழுங்காக இயங்கியதெனக் கண்டது.

கிழக்கிலங்கைக்கு இதனினும் ஆழமான தடைகள் இருந்தன. முதலாவது மேய்ச்சல் முறை. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பகுதிகள் மாடும் எருமையும் மலிந்தவை. அவற்றின் தயிர் தொலைவூர்களுக்கும் செல்வது. ஆனால் மந்தைகள் பகலெல்லாம் திறந்தவெளியில் மேய்ந்து இரவிலே பட்டியில் அடைபடுகின்றன. வயல் விதைக்கப்பட்டதும் பட்டியே காட்டோரத்துக்கு நகர்ந்துவிடும். குழி பட்டியுடன் நகராது. நூறு மாடு உடையவனின் வீட்டுத் தொழுவத்திலே ஒரு கூடைச் சாணம்கூட இராதிருத்தல் இங்கு வியப்பன்று. இந்தியக் கணக்கை அப்படியே இங்கு பெயர்த்தெழுதிய திட்டங்கள் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது யுத்தம். கவிகைக் குழி என்பது செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆன, மண்ணுக்குள் புதைந்த முதலீடு. இருபது ஆண்டு அங்கேயே இருப்போம் என்னும் நம்பிக்கையுள்ளவரே அதனைக் கட்டுவர். 1983 முதல் 2009 வரை இம்மாவட்டத்து மக்கள் எத்தனை முறை எழுந்து ஓடினர் என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. சம்பூர் ஓர் உதாரணம் போதும். 2006இல் அவ்வூரார் இடம்பெயர்ந்தனர்; அவர்தம் நிலப்பரப்பில் இந்திய ஒத்துழைப்புடன் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது; 2015 அளவிலேயே அவர்களால் மீளக் குடியேறத் தொடங்க முடிந்தது. நிலக்கரித் திட்டம் 2016இற் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரிக்குப் பதிலாகச் சூரியன் வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் எரிபொருள் மாறிய இவ்விரு தடவையும் தீர்மானம் கொழும்பிலும் டில்லியிலும் எடுக்கப்பட்டது.

2021, 2022ஆம் ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை இவ்வொளியில் மீள நோக்கலாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் உழவர் சேதனப் பசளைக்கு அலைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் வாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புக்கள் பல வீடுகளில் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டு சிலிண்டரே இல்லாதாயிற்று. பசளைக்கும் எரிவாயுவுக்கும் ஒருங்கே பஞ்சம் நேர்ந்த வேளையில், இரண்டையும் ஒரே குழியில் தரும் தொழில்நுட்பம் ஐம்பதாண்டுக் காலமாக நாட்டில் இருந்தும் கைகொடுக்க முடியவில்லை. குழி கட்டத் தெரிந்த கொத்தனாரும், வாயு ஒழுக்கைச் சீர்செய்யத் தெரிந்தவரும் ஊருக்கு ஒருவரேனும் இருந்திருக்க வேண்டும். அவர்களை ஒரு போகத்துக்குள் உருவாக்க இயலாது.

இனி லிங்கநகர் போன்ற நகர்க்குடியிருப்பின் நிலை. சிறு வளவும் மாடற்ற வீடுமே இங்குப் பொதுவிதி. புனேயில் ஆனந்த் கார்வே வழிநடத்திய நிறுவனம், சாணத்துக்குப் பதிலாகச் சோறு, மா, காய்கறிக் கழிவு ஆகியவற்றைக் கொண்டு இயங்கும் சிறு கலத்தை உருவாக்கி 2006இற் சர்வதேசப் பரிசு பெற்றது. நாளொன்றுக்கு இரண்டு கிலோகிராம் மாப்பொருட் கழிவு போதும் என்பது அதன் கூற்று. ஆயின் உலையிலிட்டதை ஒரு பருக்கையும் வீணாக்காது உண்ணும் வீட்டில் இரண்டு கிலோ எச்சில் எங்கிருந்து வரும்? கழிவும் வருமானத்தைப் போன்றே பங்கிடப்பட்டிருக்கின்றது. எனவே தனிவீட்டுக் கலத்தைவிடச் சந்தை, உணவகம், மீன்துறை ஆகியவற்றின் கழிவைத் திரட்டும் பொதுக்குழியே இங்குப் பொருந்தும். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நாளொன்றுக்கு 30 தொன் கழிவை வாயுவாக்கும் நிலையம் 2005இற் தொடங்கப்பட்டது. அது தொடர்ச்சியாக இயங்காமைக்குக் காரணங்களை ஆராய்வோர், கழிவைத் தரம்பிரிக்கும் கூலி வேலையையும் அதனைச் செய்வோரையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

உடைமை பற்றிய வினாவுக்கு இங்கே ஒரு விடை ஏலவே உண்டு. வீதியிலும் வீட்டிலும் இருந்து உள்ளூராட்சி மன்றம் சேகரிக்கும் கழிவு அம்மன்றத்தின் சொத்து என்று, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆக்கப்பட்ட நகரசபை, மாநகரசபைக் கட்டளைச் சட்டங்கள் இரண்டும் கூறுகின்றன. மூதூர்ச் சாணம் மாட்டுக்காரனுடையது. சீனக்குடாக் குதங்கள் இரு நாட்டு நிறுவனங்களின் பொறுப்பிலுள்ளவை. லிங்கநகரின் குப்பை மட்டுமே சட்டப்படி அந்நகர மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் ஒரு மன்றத்துக்கு உரியது. அதனை நாள்தோறும் வண்டியிலேற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அம்மன்றம் வரிப்பணத்தைச் செலவிடுகின்றது.