33 சதவீதம் எதை அளக்கிறது? நிலக்கடலை விதை குறித்து ஒரு மறுவாசிப்பு

விதை மாற்று விகிதம் உயர்ந்தால் சிறு விவசாயிக்குத் தரமான விதை கிடைக்கிறது, தாழ்ந்தால் கிடைக்கவில்லை. இந்திய விதைத்துறை பற்றிய ஆய்வுகளில் ஒரு பெரும் போக்கு இந்தச் சமன்பாட்டை நம்பியே நடக்கிறது. விதை நிறுவனங்களுக்கான பரிந்துரைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன: கூடுதல் டன், கூடுதல் முகவர், கூடுதல் மானியம். தமிழ்நாட்டு நிலக்கடலையைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு தவறு என்பதே என் வாதம். மற்றப் பயிர்களுக்கு இதை அப்படியே நீட்ட முடியாது. ஒட்டுரக மக்காச்சோளத்துக்கு நிச்சயமாக நீட்ட முடியாது.

விகிதத்தின் கணக்கு எளியது. ஓராண்டில் விநியோகித்த சான்று விதை, உண்மை நிலை விதை ஆகியவற்றின் எடையை, சாகுபடிப் பரப்பு முழுவதற்கும் வேண்டிய விதையின் எடையால் வகுக்கிறார்கள். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களுக்கு 33 சதவீதம் போதும் என்பது வழக்கமான அளவுகோல். மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் புது விதைக்கு மாறுகிறார்கள் என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. எண் அப்படிச் சொல்லவில்லை. தலா நூறு ஏக்கர் கடலை போடும் மூன்று ஊர்களை வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் ஒவ்வொருவரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்று விதை வாங்குகிறார்கள்; விகிதம் 33. இரண்டாம் ஊரில் கிணறும் கையில் காசும் உள்ள சிலர் மட்டும், ஊரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, ஆண்டு தவறாமல் வாங்குகிறார்கள். மற்றவர்கள் ஒருபோதும் வாங்குவதில்லை. அங்கும் விகிதம் 33தான்.

மூன்றாம் ஊரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அங்கே பத்து ஏக்கருக்கு மட்டும் புது விதை வருகிறது. ஓர் ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு, அதாவது 70 கிலோவுக்கு மேல் காய் வேண்டும். சுமாரான விளைச்சலிலும், பொக்கும் நோய்பட்டதும் கழித்தது போக, ஓர் ஏக்கர் காய் அடுத்த பட்டத்தில் ஆறு ஏக்கருக்காவது விதையாகும். பத்து ஏக்கர்காரர்கள் அதை அக்கம்பக்கத்தாருக்கு விற்றால் 60 ஏக்கர் முதல் தலைமுறை விதையில் நிற்கும். மீதி 30 ஏக்கருக்கு அதற்கடுத்த தலைமுறை. ஊரில் எந்தக் கொல்லையிலும் இரண்டு தலைமுறையைத் தாண்டிய விதை இல்லை. விகிதமோ பத்து! மூன்று ஊர்களில் மிக மோசமாக ஒதுக்கப்பட்ட சிறு விவசாயி இருப்பது இரண்டாம் ஊரில். அளவுகோல் கடைசி இடத்துக்குத் தள்ளுவது மூன்றாம் ஊரை.

இது வெறும் காகிதக் கணக்கு என்று சொல்லலாம். ஆனால் காகிதக் கணக்கில் தோற்கும் அளவுகோலைக் களத்தில் நம்புவதற்கு யாரும் காரணம் காட்டியதில்லை. இன்னொரு கோளாறும் உண்டு. டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வெளிவந்தது, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. 2000க்குப் பிறகும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அது பரவலாக விளைந்தது. அந்தப் பழைய ரகத்தின் சான்று விதையை ஒருவர் வாங்கினாலும், புதிய வி.ஆர்.ஐ. 8ஐ வாங்கினாலும் விகிதம் ஒரே அளவுதான் உயரும். விதையைப் புதுப்பிப்பதும் ரகத்தை மாற்றுவதும் வேறு வேறு. ரகத்தை மாற்ற ஒரு பை போதும். ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக வாங்க வேண்டியதில்லை.

விகிதம் போக எஞ்சுவதை ‘விவசாயியின் சொந்த விதை’ என்று எழுதிவிடுவது இந்தப் போக்கின் அடுத்த வழக்கம். எஞ்சியதை யாரும் அளந்து அப்படி எழுதுவதில்லை. அறுவடையானதும் கடனுக்காக முழு மகசூலையும் மண்டியில் போட்டுவிட்டு, விதைப்பு வரும்போது அதே வியாபாரியிடம் விதைக் காயைக் கடனுக்கு எடுப்பவரும் அந்தக் கணக்கில் சொந்த விதைக்காரர்தான். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைட்டியிலும் திரட்டிய 9,660 பதிவுகளை ஆய்வாளர்கள் மக்குயரும் ஸ்பெர்லிங்கும் 2016இல் ஆராய்ந்தார்கள். விதையில் 90 சதவீதம் முறைசாரா வழிகளில் வந்தது. பாதிக்குச் சற்று மேல் உள்ளூர்ச் சந்தையில் கிடைத்தது. 55 சதவீதம் காசு கொடுத்து வாங்கியது. அந்த எண்களைத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ பெயர்த்து வைக்க முடியாது. என்றாலும் ‘விதை வாங்காதவர்’ என்று நாம் எழுதிவைத்திருப்பவர் உண்மையில் வாங்குபவராக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு அவை போதுமானவை. அப்படியானால் நிறுவனத்தின் போட்டி விவசாயியின் குதிரோடு அல்ல, மண்டிக்காரரின் கடனோடு.

சட்டத்தைப் படிக்கும்போதும் இதே சாய்வு தெரிகிறது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தானே விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே, விதைக்கப்போகிறவருக்கு நேரடியாக விற்பவருக்கு விலக்கு அளிக்கிறது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, 39ஆம் பிரிவில் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் பெயரிட்ட விதையாக விற்கத்தான் தடை. இவற்றை ஏழைகளுக்கு விட்டுவைத்த சலுகையாகவே பலரும் படிக்கிறார்கள். மூன்றாம் ஊர் நடப்பது முழுக்க இந்தப் பிரிவுகளுக்குள்தான். ஆகவே இவற்றை ஒரு விநியோக முறையின் சட்ட அடித்தளமாகப் படிப்பதே பொருத்தம் என நினைக்கிறேன்.

இந்த வாசிப்பை ஏற்றால் நிறுவனத்தின் வேலை மாறுகிறது. ஓர் ஏக்கர் பருத்தி விதை 475 கிராம் பொட்டலமாகச் சட்டைப்பையில் அடங்கும். ஓர் ஏக்கர் கடலை விதைக்கு வண்டி வேண்டும். நிலக்கடலை ரகங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் அரசு ஆராய்ச்சி நிலையங்களும் உருவாக்கியவை; நிறுவனத்துக்கென்று தனி மரபுச்சொத்து இல்லை. அது விற்கக்கூடியது பக்குவம் ஒன்றைத்தான். மண்டிக் கடலையை இயந்திரத்தில் உடைக்குமுன் பருப்பு நொறுங்காதிருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். எண்ணெய்க்கு அது கேடில்லை என்று வியாபாரி சொல்வார். விதைக்குக் கேடு, பூஞ்சைக்கு அழைப்பு. உலர்ந்த காயைக் கையால் உடைத்தால் தோல் கிழியாது, முளை நுனி தெறிக்காது. ஆனால் ஆள் கூலி ஏறும். காயாகவே கொடுத்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு ஊரிலேயே கூலிக்கு உடைத்து, தரம் பிரித்து, விதை நேர்த்தி செய்து தருவதும், முளைப்புச் சோதனை செய்து தருவதும் நிறுவனம் விலை வைக்கத்தக்க சேவைகள். விதையையோ பத்து ஏக்கருக்கு மட்டும், மறுவிற்பனை செய்யும் விவசாயிகளுக்குத் தந்தால் போதும்.

ஊர் விதை தரம் கெடும் என்ற மறுப்பு பழையது. தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரில் இரண்டு தலைமுறைக்குள் மரபுத்தூய்மை அவ்வளவு குலையாது. கலப்பு நேர்வது களத்துமேட்டில், முளைப்பு சாவது சாக்கில். லாபம் போதாது என்ற மறுப்பு நான் விவரித்த சேவைகளை யாராவது விலைக்கு விற்றுப் பார்த்த பிறகு எழ வேண்டியது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சான்று அட்டையின் செல்லுபடிக் காலம் சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம். மார்கழிப்பட்டத்துக் காய் ஆடிப்பட்டத்துக்கு முளைப்போடு வந்து சேரும். முந்தைய ஆண்டின் ஆடிப்பட்டக் காயும் அட்டைக் காலம் முடியாமல் அதே கடையில் அடுக்கியிருக்கலாம். இரண்டிலும் நீல அட்டை, இரண்டிலும் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். வாங்குபவருக்கு வேண்டியது அறுவடை மாதம். அது குவியல் எண்ணின் முதல் பகுதியில் குறியீடாக ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதையே பையின் மேல் தமிழில், பட்டத்தின் பெயரோடு, பெரிய எழுத்தில் அச்சிட எந்த நிறுவனமும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.