ஸ்காட்லாந்து விடுதலைக் கோரிக்கையும் படைவீரரும்: 1707 முதல் ஒரு வரலாற்று நோக்கு

2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்த ஸ்காட்லாந்து மக்களில் 55.3 விழுக்காட்டினர் ஐக்கிய முடியரசிலேயே நீடிப்பது என்று முடிவு செய்தனர். அந்தப் பரப்புரைக் காலத்தில் நாணயமும் வடகடல் எண்ணெயும் பேசப்பட்ட அளவுக்கு நாட்டுப் பாதுகாப்பு பேசப்படவில்லை. பேசியவர்களும் கப்பல், விமானம், அணு ஆயுதம் என்று தளவாடக் கணக்கிலேயே நின்றுவிட்டார்கள். லண்டனுக்கு உறுதிமொழி எடுத்துக்கொண்ட ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய் மறுநாள் யாருடைய படையில் நிற்பார் என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது. பிரிவினையின் உண்மையான சிக்கல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அதற்கான விடையை ராணுவக் கணக்கேடுகளைவிட வரலாறே தெளிவாகத் தருகிறது.

1707இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடாளுமன்றங்கள் இணைந்த பிறகு ஸ்காட்லாந்துக்கென்று தனிப்படை கிடையாது. இருந்தவை படைப்பிரிவுகள் மட்டுமே. அவற்றுள் மூத்தது 1633இல் திரட்டப்பட்ட ராயல் ஸ்காட்ஸ். ஒன்றியத்தைவிட வயதில் பெரியது. ஆனால் ஸ்காட்லாந்து வீரர் என்றதும் இன்று நினைவுக்கு வரும் பாவாடை உடையும் பைப் இசையும் வடக்கு மலைநாடான ஹைலேண்டிலிருந்து வந்தவை. அந்த மலைநாட்டைக் கட்டுக்குள் வைக்க 1725இல் ஜெனரல் வேட் உள்ளூர் ஆட்களைக் கொண்டு காவற்படைகளை அமைத்தார். 1739இல் அவை ஒரே படைப்பிரிவாயின. பிளாக் வாட்ச் என்று பெயர் பெற்றது அதுதான். 1743இல் லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட அவ்வீரர்களிடையே, தங்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊரை நோக்கி நடந்தனர். வழியில் பிடிபட்டவர்களுள் மூவர் லண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் அதே படைப்பிரிவு ஃபோண்டனாய் களத்தில் அரசருக்காகப் போரிட்டுப் புகழ் பெற்றது.

அரசருக்கு எதிரான கிளர்ச்சி 1746இல் குலோடன் களத்தில் தோற்ற பின் மலைநாட்டு ஆண்கள் தம் மரபு உடையை அணியச் சட்டம் தடை விதித்தது. படையில் பணியாற்றுவோருக்கு மட்டும் விலக்கு. 1782 வரை இந்தத் தடை நீடித்தது. பாட்டன் உடுத்திய உடையை உடுத்த வேண்டுமென்றால் அரசரின் படையில் சேர வேண்டும் என்ற நிலை. அந்தக் கிளர்ச்சியை ஆதரித்த தேசத்துரோகத்துக்காக 1747இல் லொவாட் பிரபுவின் தலை துண்டிக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அவருடைய மகன் சைமன் ஃபிரேசர், தந்தையைக் கொன்ற அதே அரசுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிக் கொடுத்தார். இதில் பற்றும் உண்டு, பிழைப்பும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயலும் ஆய்வுகள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன.

இப்படைகளின் தடம் தமிழ் மண்ணிலும் உண்டு. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டவர்களுள் 73ஆம் ஹைலேண்ட் படைப்பிரிவைச் சேர்ந்த டேவிட் பெயர்டும் ஒருவர். 1799இல் சீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய ஹெக்டர் மன்ரோ, ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் குன்றின் மேல் நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. பேரரசின் ஊதியமும் பெருமையும் எத்தனை தொலைவிலிருந்து மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

ஒன்றியம் உடையும்போது படைவீரருக்கு என்ன நேரும் என்பதற்கு மிக அருகில் உள்ள முன்னுதாரணம் அயர்லாந்து. 1922இல் தென் அயர்லாந்தில் ஆள் சேர்த்துவந்த ஐந்து காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஜூன் 12 அன்று வின்ட்சர் கோட்டையில் அவற்றின் கொடிகள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவு கலைக்கப்படவில்லை. அயர்லாந்துக் குடிமக்கள் இன்றும் பிரித்தானியப் படையில் சேரலாம். கோவ், பியர்ஹேவன், லாக் ஸ்வில்லி ஆகிய மூன்று துறைமுகங்களை மட்டும் பிரிட்டன் 1938 வரை தன் கையிலேயே வைத்திருந்தது. அரசு பிரிந்தது ஒரு நாளில். தளங்கள் பிரிய 16 ஆண்டுகள் ஆயின. ஆட்கள் இன்னும் முழுதாகப் பிரியவில்லை.

ஸ்காட்லாந்தில் அந்த மூன்று துறைமுகங்களின் இடத்தில் இருப்பது கிளைட் கடற்படைத் தளம். கேர்லாக் கரையில் ஃபாஸ்லேன், அடுத்த கடற்கழியில் கூல்போர்ட் ஆயுதக் கிடங்கு. பிரிட்டனின் டிரைடென்ட் அணு ஏவுகணைகளைச் சுமக்கும் நான்கு நீர்மூழ்கிகளுக்கும் இதுவே வீடு. ஆழமான நீர், எளிதில் பெருங்கடலை அடையும் வழி, வெடிபொருளைப் பாதுகாப்பாகக் கையாளப் போதிய ஒதுக்குப்புறம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மாற்றிடம் இங்கிலாந்தில் எளிதில் அகப்படாது. 2013 நவம்பரில் எடின்பரோ அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விடுதலைக்குப் பின் அமையும் முதல் நாடாளுமன்றக் காலத்துக்குள் டிரைடென்ட் அகற்றப்பட வேண்டும் என்றது. நேட்டோவில் சேர்வோம் என்றும் அதே அறிக்கை சொன்னது. நேட்டோ எதிர்ப்பை, அந்த அரசை நடத்திய ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கைவிட்டதே அதற்கு முந்தைய ஆண்டு பெர்த் மாநாட்டில்தான். அதுவும் நூலிழைப் பெரும்பான்மையில். அணுக்குடையின் கீழ் இடம் வேண்டும், குடைக்காம்பு மட்டும் எங்கள் நிலத்தில் வேண்டாம் என்ற இந்த நிலைப்பாட்டை லண்டன் எளிதில் ஏற்றிருக்காது.

வெள்ளை அறிக்கையின் கணக்கு இது: ஆண்டுக்கு 250 கோடி பவுண்ட்; தொடக்கத்தில் 7,500 முழுநேர வீரர்கள், பத்தாண்டில் 15,000; இரண்டு ஃபிரிகேட் கப்பல்கள், குறைந்தது 12 டைஃபூன் விமானங்கள். மக்கள்தொகைப் பங்கான 8.4 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் கேட்டது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் தளவாடத்தை எண்ணிப் பங்கிடுவதுபோல் அவற்றை இயக்கும் பயிற்சியையும், பழுதுபார்க்கும் அமைப்பையும், உளவுத் தொடர்புகளையும் பங்கிட முடியாது. ஆட்களைப் பங்கிடவே முடியாது. பணியில் இருப்போர் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று வாக்குறுதி தரப்பட்டது. 1947இல் இந்திய ராணுவம் பிரிந்தபோது அந்த உரிமைகூட அரைகுறைதான்: பாகிஸ்தான் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் இந்தியாவைத் தேர்ந்துகொள்ள விதியில் இடமில்லை. அவ்வகையில் ஸ்காட்லாந்து வீரருக்குக் கிடைத்த வாக்குறுதி மேலானது. ஆனாலும் பெரிய படையில் கிடைக்கும் பதவி உயர்வு, வெளிநாட்டுப் பணி, சிறப்புப் படைகளில் சேரும் வாய்ப்பு ஆகியவற்றை விட்டு எத்தனை பேர் சிறிய படைக்கு வருவார்கள்? படைப்பிரிவுப் பற்று அவர்களை இழுக்கும் என்று விடுதலைத் தரப்பு நம்பியது.

அந்தப் பற்றை லண்டனே அதற்குள் சிதைத்திருந்தது. 2004இல் பிளாக் வாட்ச் ஈராக்கின் டாக்வுட் முகாமில் வீரர்களை இழந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளை ஒன்றாக்கும் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. முன்னாள் வீரர்களின் எதிர்ப்பைத் தேசியக் கட்சி கையிலெடுத்தது. ஒன்றியத்தின் அடையாளமாக இருந்த படைப்பிரிவுகள் அதன் எதிரிகளின் வாதத்துக்குப் பொருளானது அப்போதுதான். 2006 மார்ச்சில் ஆறு பழைய படைப்பிரிவுகள் பட்டாலியன்களாகி, ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே குடைக்குள் வந்தன. பழம்பெருமைக்கு மிஞ்சியது தொப்பியில் செருகும் இறகுக்குஞ்சத்தின் நிறம்: பிளாக் வாட்சுக்குச் சிவப்பு, ஆர்கைல் பிரிவுக்குப் பச்சை. அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டு பட்டாலியன்கள் ஒன்றாயின. அடுத்த சிக்கன நடவடிக்கையில் ஆர்கைல் பட்டாலியன் ஒரே கம்பெனியாகச் சுருங்கியது. 2021இல் முதல் பட்டாலியன் ரேஞ்சர் என்ற வேறொரு படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டது.

2022 நவம்பரில், லண்டனின் இசைவின்றி எடின்பரோ மற்றொரு பொதுவாக்கெடுப்பு நடத்த முடியாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதலை வந்தால் ஸ்காட்லாந்தின் மரபுப் படைப்பிரிவுகள் அழியும் என்பது ஒன்றியத் தரப்பின் எச்சரிக்கை. விடுதலை வராமலேயே, 2006 தொடக்கத்தில் ஆறாக இருந்த அந்த முழுநேரப் பட்டாலியன்கள் 2021 முடிவில் மூன்றாகிவிட்டன.